யாரும் பார்க்காத பசு

பையை அவிழ்ப்பதற்கு முன் சைராகான் அக்கா அதை ஒருமுறை குலுக்குவாள். தலையைச் சாய்த்துக் காது கொடுப்பாள். "முட்டை ஓடு. டீத்தூள். ஒரு பாட்டில், அதுக்கு மூடி இல்ல" என்று சொன்ன பிறகுதான் முடிச்சில் கை வைப்பாள். அவிழ்த்தால் முட்டை ஓடு, டீத்தூள், மூடியில்லாத பாட்டில். சொன்னது தப்பிப்போனால் அன்று முழுவதும் முகம் கடுகடுவென்று இருக்கும், நாங்கள் வேண்டுமென்றே அவளை ஏமாற்றிவிட்டது போல.

செவ்வாயும் வெள்ளியும் எங்கள் ஏழாம் எண் கட்டடத்து முற்றத்தில் இது நடக்கும். ஐந்து மாடி, அறுபது வீடு. ஒரு வீடு என்ன எறிகிறது, அதில் எது மறுபடி உபயோகப்படும், எவ்வளவு தண்ணீர் செலவழிக்கிறது என்று ஒரு வருடம் முழுவதும் அளந்து எழுத வேண்டும் என்று தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து படிவம் வந்தது. நகராட்சி எங்கள் கட்டடத்தைப் பொறுக்கி எடுத்தது. வேலைக்கு யாரும் வரவில்லை. அடுத்தவர் குப்பையைக் கிளற யார் வருவார்கள்? பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் சைராகான் அக்கா வந்தாள். ஐம்பத்தொன்பது வயது. நூற்பாலையில் இருபத்திரண்டு வருடம் கழிவுப் பஞ்சை எடை போட்டவள். ஆலை மூடியதிலிருந்து எடை போட எதுவும் கிடைக்காமல் கை அரித்துக்கொண்டிருந்தது என்று அவளே சொன்னாள்.

எடை போடும் நாளெல்லாம் காலையில் முதல் வேலை, தராசைச் சோதிப்பது. ஒரு லிட்டர் தண்ணீரைப் பாட்டிலில் அளந்து, பாட்டிலின் எடையைக் கழித்து, கொக்கியில் மாட்டுவாள். முள் சரியாக ஒரு கிலோவில் நிற்க வேண்டும். நின்றால் தலையை ஒருமுறை ஆட்டுவாள். அந்தத் தண்ணீரைக் கொட்டமாட்டாள், வேலை முடிந்து கை கழுவ அதுதான். "ஒரு லிட்டர்ல ரெண்டு கையும் நல்லாக் கழுவலாம். உங்க வீட்டுல பல்லு வெளக்க எவ்வளவு ஓடுதுன்னு சொல்லட்டுமா?" என்பாள். வேண்டாம் அக்கா என்று நான் நகர்ந்துவிடுவேன்.

மறைக்க ஒன்றுமில்லை, எங்கள் வீடு முப்பத்தொன்றாம் எண். உள்ளூர்ப் பத்திரிகையில் பிழை திருத்துகிறேன். அக்காவின் நோட்டில் எங்கள் வீட்டுக்குப் பெயர் 'காகித வீடு'. மற்ற வீடுகளுக்கும் பெயர் உண்டு. மீன் டப்பா வீடு, தலைமயிர்ச் சாய வீடு, மாத்திரை அட்டை வீடு. ஆனால் எந்த வீடு எது என்று அவள் வாயிலிருந்து வராது. நோன்பு மாதத்தில் செய்தித்தாளில் சுற்றி யார் வோட்கா பாட்டில் எறிகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். என் மனைவி ஒருமுறை எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள். "நான் குப்பையப் பாக்குறேன் தங்கச்சி. வீட்டுக்காரங்களப் பாக்கல" என்று சொல்லிவிட்டாள்.

கண்ணாடி என்ற கட்டத்தில் வோட்கா பாட்டில் மட்டுமே வருகிறதே, உங்கள் ஊரில் வேறு கண்ணாடியே இல்லையா என்று தலைநகரிலிருந்து போன் வந்ததாம். அக்கா சொன்ன பதிலை எங்கள் கட்டடம் முழுவதும் ஒரு வாரம் சொல்லிச் சிரித்தது. "ஜாடி எல்லாம் தக்காளி ஊறுகாய்க்குப் போயிருச்சும்மா. அது செத்தாலும் குப்பைக்கு வராது. பொண்ணு கல்யாணத்துக்குச் சீரா வேணாப் போகும்."

மாதக் கடைசியில் வீடு வீடாக ஏறி தண்ணீர் மீட்டர் பார்ப்பாள். மீட்டரின் முதுகில் காந்தம் ஒட்டி வைத்தால் சக்கரம் நின்றுபோகும் என்பது எங்கள் ஊரில் எல்லோரும் அறிந்த வித்தை. அக்கா உள்ளே வரும்போதே கையில் ஒரு குண்டூசியை வைத்துக்கொண்டிருப்பாள். ஊசி துள்ளினால், "அண்ணே, உங்க மீட்டருக்குக் காய்ச்சல் போலிருக்கு, நாளைக்கு வர்றேன், குணமாயிருக்கட்டும்" என்று திரும்பிவிடுவாள். மறுநாள் காந்தம் இருக்காது. காந்தத்தைவிட அவளுக்கு ஆத்திரம், கோடையில் முற்றத்துத் தார்த் தரைக்குக் குழாய் போட்டுத் தண்ணீர் அடிப்பவர்கள்மேல். கீழ்வீட்டுக்காரர் தரையைக் குளிர வைக்கும் நேரத்தில் நாலாம் மாடியில் எங்கள் குழாய் வெறும் காற்றைச் சீறும். அக்காவிடம் நானே அதைச் சொல்லிப் புலம்பினேன், போன ஆகஸ்ட்டில்.

அக்கா எங்கள் மீட்டரைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இந்த மாசம் எட்டுத் தர்பூசணி தின்னுருக்கீங்க."

"உங்களுக்கு எப்படி அக்கா தெரியும்?"

"தோலு எங்கிட்ட வருது. ரெண்டு மணி நேரம் குழாயத் தொறந்து அதும்மேல ஓட விட்டுக் குளிர வச்சா, அது இங்க வருது" என்று மீட்டரைத் தட்டினாள். "வாளியில ஊறப் போடுங்க தம்பி. அதுக்கு ஒண்ணும் வலிக்காது."

உண்மையில் வாங்கியது ஒன்பது. ஒன்றை என் மைத்துனன் வீட்டுக்குக் கொடுத்திருந்தோம். நான் அதைச் சொல்லவில்லை.

இதெல்லாம் அவளுடைய சில்லறைக் கோபங்கள். பெரிய கோபம் ஒன்று உண்டு. அது தொட்டிக்குள் இல்லை, தொட்டிக்கு வெளியே தொங்குகிறது.

எங்கள் ஊரில் ரொட்டியை யாரும் குப்பையில் போடமாட்டார்கள். தரையில் விழுந்தால் எடுத்து முத்தமிட்டு நெற்றியில் ஒற்றி உயரமான இடத்தில் வைப்போம். காய்ந்துபோனதைத் தனிப் பையில் கட்டி, குப்பைத்தொட்டிக்குப் பின்னால் இருக்கும் கம்பி வேலியில் மாட்டிவிட்டு வருவோம். பசு தின்னும். என் அம்மா அப்படித்தான் செய்தாள், நானும் செய்கிறேன், மாட்டிவிட்டுத் திரும்பும்போது ஏதோ புண்ணியம் சேர்ந்த மாதிரி நடையே மாறிவிடும். எந்தப் பசு என்று நாற்பத்தாறு வயதுவரை நான் யோசித்ததில்லை.

அக்கா முதல் வாரமே யோசித்தாள். தொட்டிக்குள் கிடப்பதை மட்டும் எடை போடச் சொல்கிறது படிவம். அதில் ரொட்டிக்கு என்றே ஒரு கட்டம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அந்தக் கட்டத்தில் பூஜ்யம். நிமிர்ந்து பார்த்தால் வேலியில் வரிசையாகப் பதினாலு பை. கையுறைகளைக் கழற்றி, கையைக் கழுவி, ஒவ்வொன்றாக எடுத்து எடை போட்டாள். ஐந்து கிலோ எண்ணூறு கிராம். ஒரே நாள் ரொட்டி. அன்றிலிருந்து தினமும் வந்து அதை மட்டும் எடை போட்டாள். அது அவள் வேலையில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

பிறகு அறுபது கதவையும் தட்டினாள். மீந்த ரொட்டியை என்ன செய்கிறீர்கள்? அறுபது வீட்டிலும் ஒரே பதில், பசுவுக்கு. யாருடைய பசு? இங்கேதான் கதை தொடங்கியது. பின் தெருவில் ஒருத்தர் வைத்திருக்கிறார் என்றது ஒரு வீடு. ஆலைக்குப் பக்கத்தில் என்றது இன்னொன்று. ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்றன பாதி வீடுகள். பன்னிரண்டாம் வீட்டு மஸ்தூராவோடு அக்கா பேசியபோது நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். மஸ்தூரா கல்யாண விருந்துகளுக்குச் சமைப்பவள், வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் விருந்தாளிகள்.

"நேத்து எத்தனை ரொட்டி வச்ச?" அக்கா கேட்டாள்.

"பன்னெண்டு."

"எத்தனை பேரு வந்தாங்க?"

"அஞ்சு பேரு."

"அஞ்சு பேருக்கு எதுக்குடி பன்னெண்டு ரொட்டியையும் பிச்சு வச்ச? நாலப் பிச்சு, தீந்தா மறுபடி பிக்கிறது."

"நல்லாருக்கே! விருந்தாளி முன்னால கணக்குப் பாத்துப் பிக்கச் சொல்றியா? ஊரு என்ன சொல்லும்?"

"பிச்சத அடுத்த விருந்தாளிக்கு வைப்பியா?"

"சீ, யாராவது வைப்பாங்களா?"

"அப்ப குப்பை."

மஸ்தூரா காதைப் பொத்திக்கொண்டாள். "வாயக் கழுவு சைராகான்! ரொட்டியப் போயி அந்த வார்த்தை சொல்ற. நான் பத்திரமாக் கட்டி மாட்டுறேன். பசு தின்னுது."

"நீ அந்தப் பசுவப் பாத்திருக்கியா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? அது பாட்டுக்குத் தின்னுட்டுப் போகுது."

"கேட்டா ஒண்ணு, தூக்கினா ஒண்ணு" என்று முனகிக்கொண்டே அக்கா அடுத்த கதவுக்கு ஏறினாள். இது அவள் அடிக்கடி சொல்வது. ஆலையிலிருந்து வந்த பழக்கம். ஷிப்டு மேஸ்திரியைக் கேட்டால் கழிவு இரண்டு சதவீதம் என்பானாம், மூட்டையைத் தூக்கினால் ஏழு இருக்குமாம்.

பசுவைத் தேடி மூன்று ஞாயிற்றுக்கிழமை நடந்தாள். ஆலைப் பக்கம், பின் தெரு, ஆற்றுக்கு அந்தப் பக்கம். கடைசியில் விஷயம் தெரிந்தது. ஜோரோபெக் என்று ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரு பசு இருந்தது. சைக்கிளில் வந்து எங்கள் வேலியிலிருந்து பைகளை எடுத்துக்கொண்டு போவார். பசுவை விற்றுவிட்டு ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. அவர் தொழுவத்தில் இப்போது டயர் கடை. ஆறு வருடமாக நாங்கள் ஒரு டயர் கடைக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

அப்படியானால் வேலியில் தொங்கும் பை எங்கே போகிறது? ஒருநாள் காலை குப்பை லாரி வரும்வரை அக்கா நின்றாள். ஓட்டுநர் இமாம்அலி இறங்கினான். தொட்டிகளைக் கவிழ்த்தான். பிறகு வலது கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, வெறுங்கையால் பைகளை ஒவ்வொன்றாக எடுத்தான். "பிஸ்மில்லா, மன்னிச்சுக்க" என்று உதடு அசைய, லாரியின் வயிற்றுக்குள் போட்டான். பதினாறு பை, பதினாறு மன்னிப்பு.

"ஏன்டா, பாவி" என்றாள் அக்கா.

இமாம்அலி அழாத குறை. "நான் என்னக்கா பண்றது? மொத ரெண்டு வருசம் வீட்டுக்குக் கொண்டுபோனேன். எனக்குக் கோழிகூட இல்ல. வேலியிலயே விட்டா பூஞ்சை பிடிக்குது, எலி வருது, சுத்தம் பண்ணலன்னு எனக்குத் திட்டு. உங்க ஆளுங்க மாட்டிட்டுப் போயிடறாங்க. கடைசியில போடுற பாவம் எனக்கு!"

அக்கா அவனை அதற்குமேல் திட்டவில்லை. அன்று அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். இறங்கிப் போய் என்னவென்று கேட்டேன். "ஆலையில கீழ விழுந்த பஞ்சுக்கே தனிக் கட்டம் வச்சிருந்தோம் தம்பி. அறுபது வீடு. ஒருத்தர்கூட எறியல, ஆனா எல்லாம் குப்பை மேட்டுல கிடக்குது. இந்த அநியாயத்த யார்கிட்டப் போயி கேக்குறது?" எனக்கு வெட்கமாக இருந்தது. முந்தின நாள்தான் நானும் ஒரு பை மாட்டியிருந்தேன்.

கோபப்பட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் இல்லை அவள். நகரத்துக்கு வெளியே ஒரு பால்பண்ணை இருக்கிறது, இருநூறு மாடு. பஸ் பிடித்துப் போய் அங்கே பேசினாள். பூஞ்சை இல்லாமல் உலர்ந்த ரொட்டியாகத் தினமும் வந்தால் வாங்கிக்கொள்கிறோம், இலவசமாகத் தந்தால் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். தேவை ஒரு மூன்று சக்கர வண்டி. நகராட்சித் துணைத் தலைவர் மெலிஸிடம் போனாள். அவர் நல்ல மனுஷர், சிரித்த முகம், அந்த மாதிரி ஆட்களிடம்தான் எந்தக் காரியமும் நடக்காது. "எண்ணக் கொண்டு வாங்க அக்கா. ஒரு வருசத்து எண்ணு அறிக்கையில வந்துட்டா, நாளைக்கே வண்டி" என்றார். அது ஏப்ரல்.

எண்ணுக்காக அவள் பட்ட பாட்டை நாங்கள் பார்த்தோம். காய்ச்சலோடு வந்து எடை போட்டாள். பெருநாளன்று, ஊரே புது உடுப்போடு திரியும்போது, அவள் வேலியில் நின்றுகொண்டிருந்தாள். அன்றைய எடை பதினேழு கிலோ. அதை எழுதிவிட்டு எங்கள் ஜன்னல்களையெல்லாம் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். என் மனைவி திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

ரொட்டிக் கட்டம் தொட்டிக்குள் இருப்பதற்கு மட்டும் என்பதால், வேலி ரொட்டியை 'மற்றவை' என்ற கட்டத்தில் எழுதி, பக்கத்தில் 'வேலியில் தொங்கிய ரொட்டி' என்று சின்ன எழுத்தில் குறித்துவந்தாள். வருடம் முடிந்தது. மொத்தம் இரண்டாயிரத்து நூற்று நாற்பது கிலோ. ஒரு கட்டடம், அறுபது வீடு, ரொட்டி மட்டும்.

போன மாதம் நகராட்சிக் கூடத்தில் அறிக்கை வெளியிடும் கூட்டம். பத்திரிகைக்காக நானும் போயிருந்தேன். நீண்ட மேசைகள், டீ, உலர் திராட்சை, நாங்கள் உட்காருவதற்கு முன்பே எல்லா ரொட்டியும் பிய்த்து வைக்கப்பட்டிருந்தது. குப்பை லாரி ஓட்டுநர்கள் பின் வரிசையில், அவர்களுக்கு நடுவே இமாம்அலி. அக்கா முன்வரிசை ஓரத்தில், பெருநாளுக்குக்கூட உடுத்தாத நீல வெல்வெட் மேலங்கியில்.

துணைத் தலைவர் மெலிஸ் நன்றாகப் பேசுவார். அன்று கூடுதலாகவே பேசினார். காகிதம் இவ்வளவு, பிளாஸ்டிக் இவ்வளவு, தண்ணீர் தலைக்கு இவ்வளவு. "இப்ப உங்களுக்கு ஒரு பெருமையான சேதி" என்று நிறுத்தினார். "பெரிய பெரிய நாட்டுல டன் கணக்குல ரொட்டியக் குப்பையில கொட்டுறான். நம்ம ஊருல ஒரு வருசம் தேடிப் பாத்துட்டாங்க. ரொட்டி பூஜ்யம்! ஒரு கிராம் இல்ல. அதான் நம்ம ஜனம்!"

கைத்தட்டல். பின்வரிசையில்கூடத் தட்டினார்கள். இமாம்அலி மட்டும் தன் டீக் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அறிக்கையின் கடைசிப் பக்கத்தை அக்காவின் முன் வைத்தார்கள். அளந்தவர் கையெழுத்து, கீழே துணைத் தலைவர் கையெழுத்து. இரண்டும் விழுந்தால்தான் அது தலைநகருக்குப் போகும். அக்கா கையெழுத்துப் போடவில்லை. தாளை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி நடந்து மெலிஸின் முன்னால் போய் நின்றாள். கட்டத்தில் விரலை வைத்தாள்.

"மெலிஸ் அண்ணே, என் ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது கிலோ எங்க?"

"அது 'மற்றவை'யில போட்டிருந்தீங்க அக்கா. 'மற்றவை' அஞ்சு சதவீதத்துக்கு மேல இருந்தா கம்ப்யூட்டர் வாங்க மாட்டேங்குது. எடுத்துட்டாங்க." குரலைத் தாழ்த்தினார். "இங்க வேணாமே. நாளைக்கு ஆபீஸுக்கு வாங்க, பேசிக்கலாம்."

"எடுத்து எங்க போட்டாங்க? வேலியிலயா?"

யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். மெலிஸும் சிரிக்கப் பார்த்தார். "அக்கா, நீங்களே யோசிங்க. தொங்க விட்டது குப்பை ஆகுமா? அது தானம்."

"யாருக்குத் தானம்?"

"பசுவுக்கு."

"எந்தப் பசு?"

"அதான், ஆத்துக்கு அந்தாண்ட ஒருத்தர்..." என்று கையை வீசித் திசை காட்டினார் துணைத் தலைவர்.

அவரும் நம்பிக்கொண்டிருந்தார்! நகரத்தின் குப்பையெல்லாம் யார் பொறுப்பில் இருக்கிறதோ, அந்த மனிதர் என் அம்மாவைப் போல, மஸ்தூராவைப் போல, என்னைப் போல, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பசுவை மேயவிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. அவர்மேல் மட்டும் இல்லை.

"அங்க டயர் கடை இருக்குது" என்றாள் அக்கா. "உங்க பசு என்ன, டியூப் தின்னுதா? ஏப்ரல்ல என்ன சொன்னீங்க? எண்ணக் கொண்டா, வண்டி தர்றேன்னீங்க. இந்தப் பூஜ்யம் தலைநகருக்குப் போச்சுன்னா வண்டி கிடையாது. இன்னும் ஆறு வருசத்துக்கு அத்தனையும் குப்பை மேட்டுக்குப் போகும். உண்டா இல்லியா?"

"கையெழுத்து மட்டும் போடுங்க அக்கா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

அவர் தட்டிலிருந்தே ஒரு துண்டு ரொட்டியை எடுத்தாள். தாளை மேசைமேல் விரித்து, அந்தப் பூஜ்யத்தின் மேலேயே ரொட்டியை வைத்தாள்.

"இதத் தொட்டு பூஜ்யம்னு சொல்லுங்க. நான் போடறேன்."

எங்கள் ஊரில் வேறு எதன்மேல் செய்த சத்தியத்தையும் பிறகு மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம். தலைமேல் அடித்துச் சொல்லலாம், பிள்ளைமேல் சொல்லலாம், சாட்சி வைத்துச் சொல்லலாம். ரொட்டியைத் தொட்டுப் பொய் சொன்னால் ரொட்டி அடிக்கும் என்று நம்பாதவர் எவரும் அந்தக் கூடத்தில் இல்லை. டீ ஊற்றிக்கொண்டிருந்த பெண் அப்படியே நின்றாள்.

மெலிஸ் முதலில் சிரித்தார். பிறகு, கூட்டத்தை முடித்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, தாளை எடுக்கக் கையை நீட்டினார். தாளின்மேல் ரொட்டி இருந்தது. அதைத் தொடாமல் தாளை எடுக்க முடியாது. கை பாதியில் நின்றது. நின்ற கை மெதுவாகப் பின்வாங்கி, மேசை விரிப்புக்குக் கீழே போனது. இன்னொரு கையும் அதற்குத் துணையாகப் போனது.

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. இமாம்அலி எழுந்து நின்றிருந்தான். மெலிஸ் அவனைப் பார்த்தார், பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

அக்கா ரொட்டித் துண்டை எடுத்தாள். முத்தமிட்டு நெற்றியில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டாள். பூஜ்யத்தைக் குறுக்கே அடித்தாள். பக்கத்தில் 2,140 என்று பெரிதாக எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். தாளை அவர் பக்கம் திருப்பி வைத்து, பேனாவை நீட்டி, அவர் கை மேசைக்கு மேலே வந்து அதை வாங்கும்வரை ரொட்டியை மென்றுகொண்டே நின்றாள்.